நாலாவது படிக்கும் மகனுக்குக் கற்றல் குறைபாடு என்று அறிக்கை வந்திருக்கிறது, அடுத்து என்ன செய்வது?

உறையூர்_அப்பா எழுதியது:

வணக்கம். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள். என் மகனுக்கு எட்டரை வயது, திருச்சியில் ஒரு மெட்ரிக் பள்ளியில் நாலாவது படிக்கிறான். வாயால் கேட்டால் எதையும் சொல்வான். சத்திரம் பேருந்து நிலையத்திலிருந்து எந்த பஸ் எந்த ஊர் வழியாகப் போகும் என்று அவனைத்தான் வீட்டில் கேட்போம். ஆனால் புத்தகத்தைத் திறந்து வாசி என்றால் முகமே மாறிவிடும். ஆங்கிலத்தில் 'வாஸ்' (was) என்று இருப்பதைத் திருப்பி 'சா' (saw) என்கிறான், தமிழில் பள்ளி என்பதை ஒரே பக்கத்தில் பல்லி, பளி, பள்ளி என்று மூன்று விதமாக எழுதி வைக்கிறான். கரும்பலகையில் இருப்பதைப் பார்த்து எழுதி முடிப்பதற்குள் மிஸ் அழித்துவிடுகிறார்கள், அதனால் டைரி பாதிதான் வரும், அதன் மேல் சிவப்பு மையில் 'முடிக்கவில்லை' என்று வரும்.

ஒன்றாவது, இரண்டாவது வரை போகப் போக சரியாகிவிடும் என்று இருந்தோம். மூன்றாவதில் டியூஷன் வைத்தோம், தினமும் இரண்டு மணி நேரம், அழுதுகொண்டே போவான். மறைக்காமல் சொல்கிறேன், நானே இரண்டு முறை அடித்துவிட்டேன். போன மாதம் ஒரு நாள் ராத்திரி படுக்கும்போது "அப்பா, நான் மக்கா?" என்று கேட்டான். அன்றைக்கு எனக்குத் தூக்கம் வரவில்லை.

பள்ளியில் சொன்னதால் ஒரு மனநல ஆலோசகரிடம் காட்டினோம், மூன்று நாள் தனித்தனியாக உட்கார வைத்து சோதனை செய்தார்கள். அறிக்கை பதினோரு பக்கம். வாய்மொழி ஐக்யூ 114, செயல்திறன் ஐக்யூ 103, எண் நினைவு குறைவு, வாசிப்பும் எழுத்துக்கூட்டலும் ஒன்றாம் வகுப்பு நிலை, கணக்கு வயதுக்கேற்ற நிலை, முடிவில் 'குறிப்பிட்ட கற்றல் குறைபாடு' என்று போட்டிருக்கிறது. ஐக்யூ இவ்வளவு இருக்கும்போது குறைபாடு எப்படி வரும் என்று எனக்குப் புரியவில்லை. அரசு சான்றிதழ் வாங்குங்கள் என்கிறார்கள், என் அம்மாவோ "நல்லா இருக்கிற பிள்ளைக்கு மாற்றுத்திறனாளின்னு முத்திரை குத்தாதே" என்று அழுகிறார். பள்ளியில் வேறு இடம் பார்த்தால் பையனுக்கு நல்லது என்று நயமாகச் சொல்லிவிட்டார்கள். ஒருவர் கலர் கண்ணாடி போட்டால் எழுத்து ஆடாது என்கிறார். இதையெல்லாம் கடந்து வந்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.

---

மணல்தட்டு எழுதியது:

சார், நான் சென்னையில் சிறப்பாசிரியர், பதினான்கு வருடமாக இந்தப் பிள்ளைகளோடுதான் இருக்கிறேன். ஐக்யூவிலிருந்து ஆரம்பிக்கிறேன், ஏனென்றால் எல்லாப் பெற்றோரும் அந்த எண்ணில்தான் மாட்டிக்கொள்கிறார்கள்.

நம் ஊரில் பெரும்பாலும் மிசிக் என்ற சோதனையைத்தான் வைப்பார்கள், மாலின் என்பவர் 1969-ல் இந்தியக் குழந்தைகளுக்கு ஏற்றபடி மாற்றி அமைத்தது. அதில் 100 என்பது நடுப்புள்ளி, 90 முதல் 109 வரை சராசரி. உங்கள் மகன் பேச்சு வழியாகக் கேட்கும் பகுதிகளில் சராசரிக்கு மேலேயே இருக்கிறான். புத்தி குறைவாக இருப்பதால் வாசிக்க வரவில்லையா, புத்தி நன்றாக இருந்தும் வாசிப்பு மட்டும் தடுக்கிறதா என்று பிரித்துப் பார்க்கத்தான் இந்தச் சோதனையை முதலில் வைப்பதே. 2018-ல் மத்திய அரசு வெளியிட்ட வழிகாட்டு நெறியில் ஐக்யூ 85-க்கு மேல் இருந்தால்தான் அடுத்த கட்டமான கற்றல் குறைபாட்டுச் சோதனைக்கே அனுப்பச் சொல்லியிருந்தார்கள். ஆக, ஐக்யூ நன்றாக இருக்கும்போது எப்படி என்று நீங்கள் கேட்பதற்குப் பதில், அது நன்றாக இருப்பதால்தான் இதற்கு இந்தப் பெயர்.

எண் நினைவு என்பது, ஐந்தாறு எண்களை ஒருமுறை சொன்னால் அதே வரிசையிலும் தலைகீழாகவும் திருப்பிச் சொல்வது. அது குறைவு என்றால் நீங்கள் ஒரே மூச்சில் "பையை வைச்சிட்டு கைகால் கழுவிட்டு டைரியை எடுத்துட்டு வா" என்று சொன்னால் அவன் பையை வைத்துவிட்டு அங்கேயே நிற்பான். அதை அடம் என்று நினைத்துவிடுகிறோம். கரும்பலகையைப் பார்த்து எழுதுவது மெதுவாக இருப்பதற்கும் இதில் பங்கு உண்டு, மற்ற பிள்ளைகள் ஒரு வரியை மனதில் பிடித்துக்கொண்டு குனிந்து எழுதும்போது இவன் ஒவ்வொரு எழுத்துக்கும் நிமிர்ந்து பார்க்க வேண்டியிருக்கிறது.

அறிக்கையில் இரண்டு விஷயம் தேடிப் பாருங்கள். ஒன்று, கண்ணும் காதும் பரிசோதித்த குறிப்பு இருக்கிறதா. இல்லையென்றால் உடனே பார்த்துவிடுங்கள், அரைகுறையாகக் காது கேட்கும் பிள்ளையை டிஸ்லெக்சியா, அதாவது வாசிப்பில் வரும் கற்றல் குறைபாடு, என்று கூட்டி வந்ததை நான் பார்த்திருக்கிறேன். இன்னொன்று, தமிழில் வாசிக்க வைத்தார்களா, ஆங்கிலத்தில் மட்டுமா. பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல நிறுவனம் உருவாக்கிய கற்றல் குறைபாட்டுச் சோதனைத் தொகுப்பை ஆங்கிலத்தில் மட்டும் செய்து முடித்துவிடுகிறவர்கள் நிறையப் பேர். வீட்டில் தமிழ் பேசும் பிள்ளை ஆங்கிலம் வாசிக்கத் திணறினால், அது மொழி பழகாததாலா குறைபாட்டாலா என்று தமிழையும் பார்க்காமல் எப்படிச் சொல்ல முடியும்? உங்கள் பையன் தமிழிலும் பல்லி, பளி என்று எழுதுவதால் எனக்குச் சந்தேகம் குறைவு, இருந்தாலும் கேளுங்கள்.

தமிழில் சிரமம் வேறு மாதிரி வரும். ஆங்கிலம் மாதிரி எழுத்து ஒன்று உச்சரிப்பு ஒன்று என்ற குழப்பம் இதில் குறைவு, ஆனால் 247 எழுத்து. அதில் ல ள ழ, ன ண ந, ர ற என்று காதுக்கு ஒன்றுபோல் விழுபவை. க என்ற ஒரே எழுத்து கடல், தங்கம், மகன் மூன்றிலும் மூன்று விதமாக ஒலிக்கும். எல்லாவற்றையும்விடப் பிள்ளைகள் தடுமாறுவது கொம்பில். 'கெ' என்று சொல்லும்போது க் முதலில் எ அடுத்தது, எழுதும்போது கொம்பு முன்னால் போய்விடுகிறது. 'கொ' என்றால் முன்னால் ஒரு கொம்பு, பின்னால் ஒரு கால். சொல்கிற வரிசையும் எழுதுகிற வரிசையும் வேறு. சாதாரணப் பிள்ளை இதைக் கவனிக்காமலே பழகிவிடும், இவர்களுக்கு ஒவ்வொன்றாக உடைத்துக் காட்ட வேண்டும். நான் முதலில் காலை மட்டும் எடுப்பேன், கா, மா, பா என்று ஒரு வாரம். அது கை தானாக ஓடும் அளவுக்கு வந்த பிறகுதான் கொம்பு. மணலில் விரலால் எழுதி, வாயால் சொல்லி, கண்ணால் பார்த்து, மூன்றும் ஒரே நேரத்தில். 1930களில் ஆர்ட்டன், கில்லிங்ஹாம் என்ற இருவர் ஆங்கிலத்துக்காக ஆரம்பித்த வழி இது, நம் எழுத்துக்கும் நன்றாகப் பொருந்துகிறது.

அந்த இரண்டு மணி நேர டியூஷனை தயவுசெய்து இன்றைக்கே நிறுத்துங்கள். அங்கே நடப்பது அவனுக்கு எது வரவில்லையோ அதையே இன்னும் வேகமாகத் திரும்பச் செய்வது. வாரத்தில் மூன்று நாள், முக்கால் மணி நேரம், பயிற்சி பெற்ற ஒருவரோடு ஒன்றாம் வகுப்பு நிலையிலிருந்து ஆரம்பித்தால் போதும். ஆளைத் தேர்ந்தெடுக்கும்போது சிறப்பாசிரியர்களைப் பதிவு செய்யும் இந்திய மறுவாழ்வு மன்றத்தின் (ஆர்சிஐ) பதிவு எண் இருக்கிறதா என்று கேளுங்கள், கேட்பதில் தவறே இல்லை. சென்னை பக்கம் வந்தால் மெட்ராஸ் டிஸ்லெக்சியா அசோசியேஷனிலும் விசாரிக்கலாம்.

கலர் கண்ணாடி வேண்டாம். அமெரிக்கக் குழந்தை மருத்துவர்களும் கண் மருத்துவர்களும் சேர்ந்து 2009-லேயே அதற்கு ஆதாரம் இல்லை என்று அறிக்கை விட்டுவிட்டார்கள். ஞாபகசக்தி டானிக்கும் அப்படியே. அந்தக் காசைப் பயிற்சிக்குக் கொடுங்கள்.

---

சேலம்_சுமதி எழுதியது:

சான்றிதழ் பற்றி நான் சொல்கிறேன், ஏனென்றால் அதில் நாங்கள் தாமதம் செய்து ரொம்பப் பட்டுவிட்டோம். என் மகள் இப்போது பதினொன்றாவது.

தம்பி, அறிக்கை வேறு, சான்றிதழ் வேறு. தனியாரிடம் வாங்கிய அறிக்கை என்ன சொல்லிக் கொடுக்க வேண்டும் என்பதற்கு. தேர்வுச் சலுகைக்கு அரசு சான்றிதழ் வேண்டும், அதற்கு அரசு மருத்துவமனையில் திரும்ப சோதிப்பார்கள். ஒரே சோதனையை உடனே மறுபடி வைத்தால் பிள்ளைக்குப் பதில் ஞாபகம் இருக்கும், அதனால் உங்கள் அறிக்கையையும் தேதியையும் கட்டாயம் காட்டுங்கள். 2016-ல் வந்த மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில்தான் கற்றல் குறைபாட்டை 21 வகைகளில் ஒன்றாகச் சேர்த்தார்கள், அதற்கு முந்தைய 1995 சட்டத்தில் ஏழு வகைதான், இது கிடையாது. 2018 நெறிமுறைப்படி எட்டு வயதில் ஒரு முறை, 14-ல் ஒரு முறை, 18-ல் ஒரு முறை சோதிக்க வேண்டும், 18-ல் கொடுப்பது ஆயுளுக்கும் செல்லும் என்று இருந்தது, இப்போது எப்படி என்று மருத்துவமனையில் கேட்டுக்கொள்ளுங்கள். உங்கள் பையன் எட்டரை, சரியான வயதில் இருக்கிறீர்கள்.

நாங்கள் முத்திரைக்குப் பயந்து ஒதுங்கியே இருந்தோம், மாமியார் மட்டும் இல்லை, நானும்தான். பத்தாவதில் டிசம்பர் மாதம் ஓடினோம். ஒரு அலுவலகத்தில் மருத்துவரின் கையெழுத்து இல்லை என்றார்கள், அடுத்த வாரம் போனால் பள்ளிக் கடிதத்தில் முத்திரை இல்லை என்றார்கள், படிக்க வேண்டிய பிள்ளை என்னோடு பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். நீங்கள் அந்த நிலைக்கு வராதீர்கள். நம் மாநிலப் பாடத்திட்டத்தில் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் ஒரு மணி நேரம் கூடுதலாகக் கிடைக்கும், சொல்வதை எழுதுபவர் வைத்துக்கொள்ளலாம், ஒரு மொழிப்பாடத்திலிருந்து விலக்கும் கேட்கலாம். பள்ளி வழியாகத்தான் விண்ணப்பம் போகும். சிபிஎஸ்இயிலும் மூன்று மணித் தேர்வுக்கு ஒரு மணி கூடுதல்.

சொல்வதை எழுதுபவர் விஷயத்தில் யாரும் எங்களுக்குச் சொல்லாத ஒன்று, அதற்குத் தனியாகப் பழக வேண்டும். முதல் மாதிரித் தேர்வில் என் மகள் எல்லாம் தெரிந்தும் 41 மதிப்பெண்தான் எடுத்தாள். அவள் பேசுகிற மாதிரியே சொல்லிக்கொண்டு போனாள், எழுதுகிறவர் அப்படியே எழுதிவிட்டார், பத்தி இல்லை, பதில் எங்கே முடிகிறது என்று தெரியவில்லை. "அதான் மிஸ், அந்த ஆசிட்டை ஊத்தினா பொங்கும்ல" என்பதெல்லாம் விடைத்தாளில் இருந்தது. அப்புறம் வீட்டில் தினமும் சாயங்காலம் நான் நோட்டு எடுத்து உட்காருவேன், அவள் சொல்லச் சொல்ல எழுதுவேன், அவள் புள்ளி என்று சொன்னால்தான் புள்ளி வைப்பேன், அடுத்த வரி என்றால்தான் அடுத்த வரி. முதல் வாரம் எங்கள் இரண்டு பேருக்குமே சண்டை. இரண்டு மாதத்தில் வாக்கியமாகச் சொல்ல வந்துவிட்டது, கடைசியில் அறிவியலில் 78. இது ஏழாவது எட்டாவதிலேயே ஆரம்பிக்க வேண்டிய பழக்கம்.

மொழி விலக்கை நாங்கள் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம், ஆனால் அவளே தமிழை எழுதுகிறேன் என்றாள், பாஸ் ஆனாள், அது அவளுக்கு ஒரு பெருமை. உங்கள் வீட்டில் எது சரி என்று அப்போது பார்த்துக்கொள்ளலாம்.

---

பஞ்சாயத்து_டீச்சர் எழுதியது:

ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளியில் ஆசிரியை நான். ஆசிரியர்கள் தரப்பிலிருந்தும் ஒரு வார்த்தை.

வாசிக்காத பிள்ளை எல்லாம் இந்தக் குறைபாடு உள்ள பிள்ளை இல்லை. கொரோனா முடிந்து பள்ளி திறந்தபோது என் மூன்றாம் வகுப்பில் பாதிப் பேருக்கு எழுத்தே தெரியாது. இல்லம் தேடிக் கல்வி, எண்ணும் எழுத்தும் என்று தொடர்ந்து நடத்தியதில் பெரும்பாலானவர்கள் ஆறேழு மாதத்தில் பிடித்துக்கொண்டார்கள். மூன்று பேர் மட்டும் அதே பயிற்சி, அதே அட்டை, அதே நான், இருந்தும் நகரவில்லை. திங்கட்கிழமை தெரிந்த எழுத்து புதன்கிழமை புதிதாக இருந்தது. அப்போதுதான் எனக்கே வித்தியாசம் விளங்கியது. அதற்கு முன் பதினெட்டு வருடத்தில் எத்தனை பிள்ளைகளைச் சோம்பேறி என்று சொல்லியிருப்பேன் என்று நினைத்தால் இன்னும் மனது வலிக்கிறது.

அந்த மூவரையும் வட்டார வள மையத்தில் சொல்லி, சிறப்புப் பயிற்றுநர் வந்து பார்த்து, அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் உள்ள மாவட்ட ஆரம்ப இடையீட்டு மையத்துக்கு (பிள்ளைகளின் வளர்ச்சிக் குறைபாடுகளைப் பார்க்கும் இடம்) அனுப்பினோம். ஒரு ரூபாய் செலவில்லை. இதைப் படிக்கும் மற்ற பெற்றோர்கள் பணம் இல்லை என்று நின்றுவிட வேண்டாம். செங்கல்பட்டு பக்கம் இருப்பவர்களுக்கு முட்டுக்காட்டில் மாற்றுத்திறனாளிகளுக்கான மத்திய அரசின் நிறுவனமும் (நீப்மெட்) இருக்கிறது.

வேறு இடம் பாருங்கள் என்று பள்ளி சொன்னதற்குத் தலையாட்டி விடாதீர்கள் சார். அதே 2016 சட்டத்தின் 16-ஆம் பிரிவைப் படித்துப் பாருங்கள், கற்றல் குறைபாட்டைச் சீக்கிரம் கண்டுபிடித்து அதற்கேற்ற முறையில் சொல்லிக்கொடுப்பது பள்ளியின் கடமை என்று எழுதியிருக்கிறது. ஆனால் சட்டத்தைக் காட்டிப் பேச்சை ஆரம்பிக்காதீர்கள், வகுப்பாசிரியர் நாற்பது பிள்ளைகளோடு நிற்கிறார், அவரால் செய்ய முடிவதைக் கேளுங்கள். எல்லார் முன்னாலும் சத்தமாக வாசிக்கச் சொல்ல வேண்டாம், இது முதல். முன் பெஞ்சில் உட்கார வையுங்கள், கரும்பலகையில் எழுதியதைப் பக்கத்துப் பிள்ளையின் நோட்டிலிருந்து பார்த்து எழுதிக்கொள்ள விடுங்கள், அறிவியலிலும் சமூக அறிவியலிலும் எழுத்துப் பிழைக்கு மதிப்பெண் குறைக்காதீர்கள், சந்தேகம் இருந்தால் பதிலை வாயால் கேட்டுப் பாருங்கள். இவ்வளவுதான். பதினோரு பக்கத்தையும் கொடுத்தால் யாரும் படிக்க மாட்டார்கள், இதை அரைப் பக்கத்தில் எழுதிக் கொடுங்கள், நான் வாங்கினால் என் மேசையிலேயே ஒட்டி வைத்துக்கொள்வேன்.

---

காயில்கடை_கோவை எழுதியது:

அண்ணே, இதை நான் போனில் பேசித்தான் எழுதுகிறேன், எழுத்துப் பிழை இருந்தால் அது போனுடையது. கோவையில் மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறேன். என் மகளை மூன்றாவதில் சோதித்தபோது அந்த மேடம் என்னைப் பார்த்து "அப்பா, நீங்க எப்படிப் படிச்சீங்க" என்று கேட்டார்கள். இது குடும்பத்தில் வருமாம். எனக்கு அப்போது 34 வயது. பத்தாவதில் ஆங்கிலத்தில் இரண்டு முறை ஃபெயில் ஆகிவிட்டு அப்பா கடையில் உட்கார்ந்தவன் நான்.

எரிந்த மோட்டாரைப் பிரித்தால் எத்தனை சுற்று, எந்த கேஜ் கம்பி என்று பார்த்த உடனே கணக்குப் போட்டுவிடுவேன். ஆனால் வாடிக்கையாளர் முன்னால் பில் எழுத வேண்டும் என்றால் கை வேர்க்கும், கண்ணாடி கொண்டு வரவில்லை என்று பொய் சொல்லி கடைப் பையனை எழுதச் சொல்வேன். எனக்குக் கண்ணாடியே கிடையாது. என் மனைவிக்கே கல்யாணம் ஆகி ஐந்து வருடம் கழித்துத்தான் தெரியும். இருபத்தைந்து வருடமாக நான் மூளை கம்மியானவன் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன் அண்ணே, வேறு எந்தக் காரணமும் யாரும் சொல்லவில்லையே.

உங்கள் அம்மா முத்திரை என்று பயப்படுவது எனக்குப் புரிகிறது. ஆனால் உங்கள் பையனுக்கு ஏற்கெனவே ஒரு பெயர் இருக்கிறது, அவனே உங்களிடம் சொல்லிவிட்டான், மக்கு. இந்த அறிக்கையில் இருப்பது அதைவிட நல்ல பெயர், உண்மையான பெயரும்கூட. அவனிடம் சொல்லுங்கள். பெரியவர்கள் எல்லாம் சேர்ந்து அறையைச் சாத்திக்கொண்டு பேசினால் தன்னைப் பற்றி ஏதோ பயங்கரமாக இருக்கிறது என்றுதான் பிள்ளை நினைக்கும். நான் என் மகளிடம் மோட்டாரை வைத்துத்தான் சொன்னேன், உன் மோட்டார் நல்லா ஓடுது பாப்பா, எழுத்துக்குப் போற வயர் மட்டும் சுத்திக்கிட்டுப் போகுது, நாம புதுசா ஒரு வயர் இழுக்கப் போறோம், கொஞ்ச நாளாகும், அப்பாவுக்கும் அப்படித்தான் என்று. அப்பாவுக்குமா என்று மூன்று முறை கேட்டாள்.

அடித்ததற்கு அவனிடம் மன்னிப்புக் கேளுங்கள். எங்கள் அப்பா கேட்டதில்லை, கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

---

உறையூர்_அப்பா எழுதியது:

எல்லாருக்கும் பதில் சொல்ல இரண்டு வாரம் ஆகிவிட்டது. டியூஷனை நிறுத்திவிட்டேன். காது, கண் இரண்டும் பார்த்தோம், சரியாக இருக்கிறது. சோதனை செய்தவரிடம் தமிழ் பற்றிக் கேட்டேன், நேர்மையாக ஒத்துக்கொண்டு இன்னொரு நாள் வரச் சொல்லி தமிழ்ப் பத்திகளை வாசிக்க வைத்தார், அதிலும் இரண்டு வகுப்பு பின்னால்தான் இருக்கிறான்.

கோவை அண்ணா சொன்னபடி ஞாயிற்றுக்கிழமை மொட்டை மாடியில் உட்கார்ந்து அவனிடம் பேசினேன். பஸ்ஸை வைத்துச் சொன்னேன், எல்லா பஸ்ஸும் ஊருக்குப் போய்ச் சேரும், உன்னுடையது வேறு ரூட்டில் போகிறது, இதுவரை அப்பாவுக்கு அந்த ரூட் தெரியாமல் உன்னைத் திட்டிவிட்டேன், அடித்தும்விட்டேன், தப்பு என்னுடையது என்று. கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம் "இது மிஸ்ஸுக்குத் தெரியுமா?" என்றான். சொல்லப் போகிறேன் என்றேன். "அப்ப நாளைக்கே சொல்லிடுங்க, நாளைக்கு எனக்கு ரீடிங் டர்ன்" என்றான்.

திங்கட்கிழமை காலையில் அரைப் பக்கக் கடிதத்தோடு போனேன். வகுப்பாசிரியர் வாங்கிப் படித்துவிட்டு அன்றைக்கு அவனை வாசிக்கச் சொல்லவில்லை. வேறு பள்ளி என்ற பேச்சை முதல்வர் இன்னும் விடவில்லை, அவரை அடுத்த புதன்கிழமை பார்க்கிறேன். சான்றிதழுக்கு விண்ணப்பிப்பது என்று முடிவு செய்துவிட்டோம், அம்மா இன்னும் முழுதாகச் சமாதானம் ஆகவில்லை, ஆனால் மணல் சலித்து தட்டில் போட்டுக் கொடுத்தது அவர்தான்.

---

சேலம்_சுமதி எழுதியது:

முதல்வரிடம் கொடுக்கும் கடிதத்துக்கு இரண்டு பிரதி எடுத்துப் போங்கள் தம்பி. ஒன்றில் பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்து, தேதி, பள்ளி முத்திரை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். மருத்துவமனைக்குப் போகும்போது ஆதார், பிறப்புச் சான்றிதழ், போட்டோ, பள்ளிக் கடிதம், இந்த அறிக்கை, அதோடு அவன் பழைய நோட்டு இரண்டையும் எடுத்துப் போங்கள், அந்த 'பல்லி, பளி' பக்கத்தைக் கிழித்துவிடாதீர்கள், எங்களிடம் மகள் எழுதிய நோட்டைத்தான் முதலில் கேட்டார்கள். காலையில் எட்டு மணிக்கே போய்விடுங்கள், பையனுக்குச் சாப்பிட ஏதாவது கட்டி எடுத்துப் போங்கள், பசியோடு சோதனையில் உட்கார வைக்காதீர்கள்.